மரங்கொத்தியின் மீதான விசாரணை

பட்டுப்போன மரத்தின் கீழ் கூடிய குடியிருப்புச் சங்கம், மரங்கொத்தியே குற்றவாளி என்று முடிவு செய்தது.

தண்டின் உச்சியில் பொந்து இருந்தது. அதற்குள் குஞ்சுகள் கத்தின. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

தன் தரப்பைச் சொல்லக் குற்றவாளிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. அது பறந்துவிட்டது.

பொந்தைப் பூசி அடைக்கக் கொத்தனார் ஏணியில் கால் வைத்தபோது, சங்கத் தலைவரின் மகள் குறுக்கே வந்து நின்றாள். பதின்மூன்று வயது. ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாதவள்.

குனிந்து, வேரடிச் சருகை விலக்கினாள். விரல் நுழையும் அளவில் துளைகள்; எல்லாம் கீழ்நோக்கிச் சாய்ந்து, மெழுகால் அடைக்கப்பட்டிருந்தன. ஒன்றைக் குச்சியால் நெம்பினாள். மருந்து நெடி எல்லார் மூக்கிலும் ஏறியது.

“மரங்கொத்தி மெழுகு வச்சு அடைக்குமா, மாமா?” என்று பொருளாளரைக் கேட்டாள்.

அப்பாவை அவள் பார்க்கவில்லை. அவருடைய டிரில்லிங் மிஷினில் ஈர மரத்தூளைக் கண்ட நாளிலிருந்தே பார்ப்பதில்லை.

பொருளாளர் குனிந்து எண்ணினார். வாய் முந்திக்கொண்டது.

“மூணுதானே போடறதா பேசினோம்? நாலாவது யாருய்யா போட்டது?”

யாரோ ஒருவருக்குச் சங்கத்தின் மேல் நம்பிக்கை போதவில்லை போலும்.

எதைப் பேசினோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பறவை எச்சம் எல்லாருடைய கார்களின் மீதும் பாரபட்சமின்றித்தான் விழுந்துகொண்டிருந்தது. உயிருள்ள மரத்தை வெட்ட அனுமதி கிடைக்காது. பட்ட மரத்துக்குக் கிடைக்கும்.

அப்பா மட்டுமில்லை, எல்லாரும்தான். ஒரு மாதமாக நெஞ்சை அழுத்திய பாரம் சட்டென்று குறைந்தது. குறைந்ததே என்று அவளுக்குக் கூசவும் செய்தது.

தலைவர் மகளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“குஞ்சு பறக்கற வரைக்கும் மரத்தத் தொட மாட்டோம், கண்ணு. நீயும் வெளியில மூச்சு விடக் கூடாது. சரியா?”

மேலே குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. அவள் தலையசைத்தாள்.

மரங்கொத்தி நிரபராதி என விடுவிக்கப்பட்டது. இடி விழுந்ததால் மரம் பட்டது எனப் புதிய தீர்மானம் வாசிக்கப்பட்டது. மாதக்கணக்காக வானில் ஒரு மேகம்கூட எட்டிப்பார்த்ததில்லை. அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

ஆதரிப்போர் கை உயர்த்தினர்.

எண்ணிக்கொண்டே வந்த செயலாளர், கடைசியாக இருந்த மிகச் சிறிய கையைக் கண்டு ஒரு கணம் தயங்கினார். உறுப்பினராக வயது போதாது.

பிறகு, அதையும் சேர்த்துக்கொண்டார்.