கடைசிக் குவியல்

மரக்காணம் உப்பளத்தில் மழை கொட்டியது. அந்த வருஷத்து உப்பெல்லாம் கரைந்துகொண்டிருக்க, உப்பு வியாபாரிகள் சங்கத் தலைவர் சக்கரபாணி கடைசிக் குவியலை மட்டும் கட்டிப்பிடித்துக் கிடந்தார்.

“மொதலாளி, இது அழுக்கு உப்புங்க! பெரிய குவியல மூடலாம், வாங்க!” மேஸ்திரி இன்னாசிராஜ் கெஞ்சினான்.

“அதெல்லாம் போவட்டும். இதுக்குக் கீத்து போடுடா!”

“தொழில்தான் இவருக்கு உசுரு,” மனைவி ஆண்டாள் அழுதாள். “தெனம் பொழுது விடிஞ்சதும் இந்தக் குவியலத்தான் பாக்க ஓடியாருவாரு.”

காற்று கீற்றைப் பிய்த்துக்கொண்டு போனது. குவியல் சரிந்தது. உள்ளேயிருந்து பாண்டிச்சேரி பிராந்தி பாட்டில்கள், ஐம்பதுக்கு மேல், உருண்டு வந்தன. எல்லாம் காலி.

ஆண்டாள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சக்கரபாணி யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் குலுக்கினார்.

“இன்னாசி, நீயும் தேடுப்பா... ஒண்ணு முழுசா வெச்சிருந்தேன்.”