அல்ஹம்துலில்லாஹ், சுகம்

"சொகமா இருக்கீங்களான்னு கேட்டாங்கன்னா அல்ஹம்துலில்லாஹ்வ மனசுக்குள்ள சொல்லிக்கிங்க. வாயால சொகமில்லன்னு மட்டும் சொல்லுங்க. வெளங்குச்சா?"

மஸ்கெலியாவில் பஸ் ஏறியதிலிருந்து ஜிப்ரியா இதைச் சொல்வது ஆறாவது தடவை. அவள் புருஷன் நிப்ராஸ் தலையாட்டினான். அவன் எல்லாவற்றுக்கும்தான் தலையாட்டுவான், அதை நம்பி என்ன செய்ய?

நுவரெலியாவில், அந்த அலுவலகத்து வாங்கில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் மருத்துவச் சபை. இராணுவத்தில் இருந்து மனம் கெட்டுப்போய் வந்தவர்களுக்கு அங்கவீன ஓய்வூதியம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு சொல்கிற மூன்று பேர்.

போன தடவையும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கடைசியில் டாக்டர் மரியாதைக்கு ஒரு வார்த்தை, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். முஸ்லிம் வீட்டில் பிறந்தவன் எலும்பு முறிந்து கிடந்தாலும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்வான். அல்ஹம்துலில்லாஹ், சுகம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. தாம் சுகமாக இருப்பதாக மனுதாரரே கூறுகிறார் என்று எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

சுகமாம். சுகமான மனிதனுக்கு அடுத்த அறையில் யாராவது பேசினால் வியர்த்துக் கொட்டுமா? சுகமான மனிதன் போன் மணி அடித்தால் எழுந்து வெளியே ஓடுவானா? மூன்று கடைகளில் வேலைக்குச் சேர்ந்தான். மூன்றிலும் யாரோ ரேடியோவைப் போட, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டான். ஜிப்ரியா சமையலறையிலிருந்து அவனைக் கூப்பிடுவதையே விட்டு பத்து வருஷம் ஆகிறது. எதிரில் வந்து, முகத்தைக் காட்டித்தான் பேசுவாள்.

இது கடைசி மேன்முறையீடு. இதையும் தள்ளிவிட்டால் போய் நிற்க வேறு வாசல் இல்லை.

கதவு திறந்தது. உள்ளே கூப்பிட்டார்கள்.

கேள்விகள் சிங்களத்தில் வந்தன. ஜிப்ரியாவின் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதும், இங்கேயும் போதுமாக இருக்க வேண்டுமே என்று தவித்தாள்.

எப்படி இருக்கிறீர்கள் என்றார் டாக்டர்.

நிப்ராஸின் வாய் ஒரு கணம் திறந்தபடி நின்றது. ஜிப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சுகமில்லை, சேர், என்றான்.

அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் டாக்டர் கோப்பைப் புரட்டினார். நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. காயம் இல்லை, பிணத்தைப் பார்த்ததில்லை. மறுபக்கத்துக்காரர்கள் வானொலியில் தமிழில் பேசுவதைக் கேட்டுச் சொல்கிற வேலை. இரண்டு வருஷமும் அறைக்குள்தான் இருந்திருக்கிறீர்கள். அப்படி என்னதான் நடந்தது?

ஒன்றும் நடக்கவில்லை, சேர்.

பாவி மனிதன்! ஜிப்ரியாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பையைத் திறந்து, அவனுக்குத் தெரியாமல் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி வந்திருந்த சட்டத்தை எடுத்து மேசையில் வைத்தாள். இராணுவம் அவனுக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரம். ஒன்றும் செய்யாதவனுக்கா இதைக் கொடுப்பார்கள்?

"அத உள்ள வையி!"

அவன் இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

டாக்டர் பத்திரத்தை வாசித்தார். சிறப்பான மொழிச் சேவைக்காக என்று போட்டிருந்தது. எந்தச் சேவை என்று கேட்டார்.

நிப்ராஸ் சட்டத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

ஒரு நாள் விடியற்காலையில் வானொலியில் ஒரு பையனின் குரல். மலைநாட்டிலிருந்து வடக்கே போய்க் குடியேறியவர்களின் பிள்ளை, பேச்சிலேயே தெரிந்தது. பெரட்டுக்கு எல்லாரும் வந்தாச்சு என்று சொல்லிச் சிரித்தான். அறையில் இருந்த மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் வேறு ஊர்க்காரர்கள். ஏதோ சங்கேதம் என்றார்கள். நிப்ராஸ் தேயிலைத் தோட்டத்துக்கு எதிர்க் கடையில் பிறந்து வளர்ந்தவன். காலையில் வேலைக்குப் பிரித்து அனுப்புமுன் எல்லோரும் ஓரிடத்தில் கூடி நிற்பார்களே, அதுதான் பெரட்டு.

அவர்களின் முகாம் எங்கே என்பது முன்பே தெரியும், சேர். உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா என்பதுதான் தெரியாமல் இருந்தது. நான்தான் சொன்னேன். இருக்கிறார்கள், எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்கள் என்று. அரை மணி நேரத்தில் அந்தக் குரல் நின்றுவிட்டது.

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியுமா?

இதற்கு அவன் யோசிக்கவே இல்லை. அந்தப் பையன் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதிரி விளையாட்டுக்குப் பேர் கூப்பிட்டான், சேர், என்றான். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான்.

கணேசமூர்த்தி. சுமன். நாகலெட்சுமி. பிரேமினி.

பதினேழு பெயர்கள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

ஜிப்ரியா அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். தினமும் விடியற்காலையில் சுபஹு தொழுது முடித்த பிறகும் அவன் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டான். கண்ணை மூடி, சத்தமில்லாமல் இதே மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருப்பான். என்ன ஆனாலும் மனிதர் அல்லாஹ்வை மறக்கவில்லை, அவன் பெயரைச் சொல்லித் திக்ரு ஓதுகிறார் என்று, அவள் தேநீரை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.