செவ்வந்தி ஜாடி

எண்ணெய் வண்ணம் பழகத் தொடங்கிய அமுதவல்லி, ஜாடியில் செவ்வந்திகளைச் செருகி வைத்து வரைந்தாள். மறுநாள் பார்த்தால் ஒரு பூவைக் காணோம். கணவர் தணிகாசலம் அதை எடுத்து, இறந்துபோன முதல் மனைவியின் படத்துக்கு வைத்திருந்தார்.

"எப்படியும் வாடப்போறதுதானே, அக்காவுக்காவது ஆகட்டும்" என்றார்.

கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டுமே வரைய வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கேன்வாஸில் இன்னும் காயாத அந்தப் பூவை அவள் துணியால் துடைத்தாள். தினமும் ஒன்று போனது. தினமும் துடைத்தாள். ஜாடி காலியான அன்று, கேன்வாஸைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் படத்தின் எதிரே உட்கார்ந்தாள். படத்தைச் சுற்றியிருந்த பூக்களில் வாடியது, வாடாதது எல்லாவற்றையும் வரைந்தாள். நடுவில் முகத்தின் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"அவ முகத்தையும் போடுவியா?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"மொதல்ல பூ காயட்டும்."