சுற்றுவழி டிக்கெட்

"டைரக்ட் ஃப்ளைட் பத்தே மணி நேரம் சார். எட்டாயிரம் கிலோமீட்டரையும் ஒரே மூச்சுல தாண்டிடலாம்" என்றாள் டிராவல்ஸ் பெண்.

"ரெண்டு இடத்துல மாறிப் போற மாதிரி ஏதாவது இருக்காம்மா?" எதிரே இருந்த பெரியவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இருக்கு. ஆனா இருபத்தாறு மணி நேரம் இழுக்கும். விலையும் குறையாது. உங்க முட்டி உங்களைத் திட்டும் சார்!"

"திட்டட்டும். அதுலயே ரெண்டு டிக்கெட் போடு. பக்கத்துப் பக்கத்து சீட்."

சரியான கிறுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

"ரிட்டர்னும் இப்படியேவா சார்?"

"ஐயோ, அது டைரக்ட்தான். ஒரு டிக்கெட் போதும்."

கீபோர்டில் அவள் விரல்கள் நின்றன. "அப்போ கூட வர்றவங்க?"

"என் பொண்ணு. மாப்பிள்ளைக்கு அங்கதான் வேலை. இனிமே அவளுக்கு அதுதான் ஊரு. கொண்டுபோய் விட்டுட்டு வரணும்." பெரியவர் மறுபடி முழங்காலைத் தடவிக்கொண்டார். "வேலை வேலைன்னே ஓடிட்டேம்மா. அவகூட முழுசா ஒரு நாள் உட்கார்ந்து பேசினதில்ல."

அவள் அவசரமாகத் திரையை மறுபடி மேய்ந்தாள்.

"சார், மூணு இடத்துல மாறுறது ஒண்ணு இருக்கு. முப்பத்தொன்பது மணி நேரம். போடவா?"