செல்லத்துரையின் சந்தேகம்

பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்தில் பெரியவர்களுக்கு விசுவாச வகுப்பு. உபதேசியார் ஞானமுத்து வாயைத் திறந்தால் போதும், கிள்ளானிலிருந்து ரயிலேறி வரும் செல்லத்துரை எழுந்துவிடுவார்.

"ஜெபிச்சா மனசு நிறையும். அதுதான் தேவ அனுபவம்."

"மீன்குழம்பு சாப்பிட்டாலும் மனசு நிறையுது ஐயா. எது தேவன் தந்தது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

ஆறு மாதம் ஞானமுத்து தொண்டை வறளப் பதில் சொன்னார். செல்லத்துரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாரே தவிர, மசியவில்லை.

கடைசியில் ஞானமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க ஒருத்தரையே என்னால விசுவாசியாக்க முடியல. வேலைய விட்டுடறேன்."

செல்லத்துரை பதறினார்.

"விட்டிடாதேங்கோ ஐயா! கிள்ளான் தேவாலயத்து உபதேசியாரே நான்தான். அந்த மீன்குழம்புக் கேள்வியை என்னட்டைக் கேட்ட அம்மா வெள்ளிக்கிழமை திரும்பவும் என்ர வகுப்புக்கு வருவா!"