தனி வாளி

"இந்தக் கார் சீட்டைத் துடைக்கிற துணிய மட்டும் தனி வாளியில போடு ஏழுமலை. மத்த துணியோட சேரக் கூடாது. கசக்கவும் வேணாம். கை படாம முக்கி எடு."

நாகபூஷணம் சொல்லி முடிப்பதற்குள் ஏழுமலைக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

வாளிக் கணக்கை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குவைத்தில் அடுத்தவன் கார்களைக் கழுவிச் சம்பாதித்து, திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் சொந்தமாகக் கார் கழுவி மெருகேற்றுகிற டீடெய்லிங் கடை போட்டவன். டயர் துடைத்த மைக்ரோஃபைபர் துணி பானெட்டைத் தொடக் கூடாது. கண்ணாடிக்கு வேறு, சீட்டுக்கு வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு வாளி. சுடுதண்ணீர் ஆகாது. வாசனைக்கு ஊற்றுகிற லிக்விட் ஆகவே ஆகாது, அப்புறம் துணி தண்ணீரையே குடிக்காது. கீழே விழுந்த துணியை எடுத்து வண்டியில் வைத்தவன் அன்றைக்குத் தொலைந்தான். மெஷினை நம்பாமல் மனைவி மல்லிகாவைத்தான் கையால் அலசச் சொல்வான்.

ஆனால் அது தொழில் சொல்கிற கணக்கு. இவர் சொல்வது வேறு கணக்கு என்று ஏழுமலை முடிவு கட்டினான்.

சொன்னவர் யார்? புத்தலப்பட்டுப் பக்கம் அவன் ஊரில் பெரிய வீட்டுக்காரர். அவருடைய மாந்தோப்பில்தான் ஏழுமலையின் நைனா காலம் முழுக்கக் கூலிக்கு நின்றார். அந்த வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டால் உயரத் தூக்கி உள்ளங்கையில் ஊற்றுவார்கள். சொம்பு கைக்கு வராது.

காரில் வாந்தி என்பது இந்தக் கடைக்குப் புதுசில்லை. திருமலைப் பாதையின் திருப்பங்களைத் தாங்காதவர்கள் வந்த வண்டிகளெல்லாம் இறங்கியதும் இங்கேதான் வந்து நிற்கும். நாகபூஷணமும், வீட்டில் ஒருத்தருக்குப் பிரயாணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அதற்கு எதுக்குத் தனி வாளி என்று கேட்டால் மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டு, "சொன்னதைச் செய்யேன்ப்பா" என்றார்.

ரேட் ரெண்டு மடங்கு ஆகும் என்றான் ஏழுமலை. பேரத்துக்கு வரட்டும், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பார்த்தான். அவர் பேரமே பேசவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

வண்டி போனதும் அந்தத் துணிகளைக் கொண்டுபோய் மற்ற சீட் துணிகளோடு சேர்த்தே முக்கினான்.

"தனியா அலசச் சொன்னாரே" என்றாள் மல்லிகா.

"வாந்தில கூட ஜாதி பாக்கறாரு. நீ எல்லாத்தையும் ஒண்ணா போட்டு நல்லா கசக்கு. அவங்க வீட்டு வாந்தி மட்டும் பன்னீரா?"

மல்லிகா சிரித்துக்கொண்டே கசக்கினாள்.

மாசம் தவறாமல் வந்தார் நாகபூஷணம். ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு. ஏழுமலை பவ்யமாகத் தலையாட்டுவான். அவர் தெருமுனை தாண்டியதும் துணியைக் கலப்பான். நைனாவுக்குச் செய்கிற திவசம் மாதிரி ஒரு சிரத்தை அதில் வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு முன்தினம் கடையில் நிற்க இடமில்லை. பெஞ்சில் அவன் சொந்த ஊர்க்காரர்கள்கூட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாகபூஷணம் வந்து சாவியை நீட்டி, "அந்தத் துணிய..." என்று ஆரம்பித்தார்.

இப்படி ஒரு கூட்டத்துக்காகத்தான் ஏழுமலை காத்துக்கொண்டிருந்தான்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். உங்க துணி இதுவரைக்கும் தனி வாளியப் பாத்ததே கெடையாது. எல்லார் துணியோடவும்தான் ஊறிக்கினு கீது. என் சம்சாரம்தான் கசக்கிக்கினு கீறா. இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

கடையே திரும்பிப் பார்த்தது. நாகபூஷணத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"வெறுங்கையாலயா?"

"ஏன், எங்க கை பட்டா உங்க சீட்டு தீட்டாயிடுமா?"

"கொஞ்சம் ஓரமா வாப்பா. சொல்றேன்."

"ஓரமா நிக்கறதெல்லாம் எங்க நைனாவோட போச்சு சார். எதுவா இருந்தாலும் இங்கயே, இத்தினி பேர் முன்னாடி சொல்லுங்க."

நாகபூஷணம் பெஞ்சில் இருந்த ஊர்க்காரர்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவர்களை விட்டு, ஏழுமலையையும் விட்டு, பின்பக்கம் குழாயடியில் நின்ற மல்லிகாவிடம் பேசினார்.

"அம்மா, என் வீட்டுக்காரிக்குக் கேன்சர். இங்க ஆஸ்பத்திரியில மருந்து ஏத்திக்கினு ஊருக்குத் திரும்பறப்ப வண்டியிலயே வாந்தி எடுத்துடறா. அதுல அந்த மருந்தும் கலந்து வருமாம். துவைக்கிறவங்க கையில படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். பொண்ணுக்கு சம்பந்தம் பேசிக்கினு இருக்கோம். அது முடியற வரைக்கும் வெளிய தெரிய வேணாமேன்னுதான் வாயை மூடிக்கினு இருந்தேன். இனிமே கையுறை இல்லாம தொடாதீங்க. டாக்டர்கிட்ட ஒருவாட்டி கையக் காட்டிடுங்க."

ஏழுமலை வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மல்லிகா ஈரக் கையை முந்தானையில் துடைக்கப் போனவள், துடைக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப உங்க வீட்டுல அந்தம்மா துணியெல்லாம்? வேலைக்கு ஆள் கீறாங்க இல்ல?"

"இருக்கறாங்கம்மா. அவங்களைத் தொட விடறதில்ல" என்றார் நாகபூஷணம். "நான்தான் துவைக்கிறேன்."