கூட்டி வந்த பிள்ளை

காட்டுப் பாதையில் சிறுமி முன்னால் ஓடினாள். நீலாவதி ஓட்டமும் நடையுமாகப் பின்னாலேயே போனாள்.

"மெதுவா போம்மா, வழுக்கும்லா!"

சிறுமி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் செத்துப்போன தன் புருசன் மாடசாமியின் சாயல் இருக்கிறதா என்று நீலாவதி தேடினாள். இருப்பது போலத்தான் இருந்தது. மேல் உதட்டில், கொஞ்சம்.

தேயிலைக் கொழுந்து ஏற்றிப் போன லோரி கவிழ்ந்து மாடசாமி போய்ச் சேர்ந்த வருடம் கடைசி மகள் திலகம் கைக்குழந்தை. அவளுக்கு மேலே இன்னும் மூன்று பிள்ளைகள். பினாங்கிலிருந்து பிள்ளையில்லாத ஒரு தம்பதி வந்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அமிர்தலிங்கம், அவர் மனைவி அம்சவல்லி. நீலாவதி குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வளர்ந்த பிறகு ஒரு தடவை கூட்டி வந்து காட்ட வேண்டும்.

அவர்கள் சரி என்றார்கள். ஒவ்வொரு வருடக் கடைசி லீவுக்கும் அவள் காத்திருந்தாள். ஒரு வருடம் பிள்ளைக்கு அம்மை என்றார்கள். ஒரு வருடம் மழையில் ரோடு சரிந்துவிட்டது. அப்புறம் சில வருடங்கள் எந்தச் சேதியும் இல்லை. அவளே ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இந்த நவம்பரில் வந்துவிட்டார்கள். மலை மேல் ரிங்லெட் ஊரில் காரை நிறுத்தி, அமிர்தலிங்கம் கதவைத் திறந்துவிட, குட்டை முடியும் வெள்ளைச் சப்பாத்துமாக ஒரு பிள்ளை இறங்கியது.

மலையும் காடும் அருவியும் பார்க்க வந்திருக்கிறோம், இவங்க வழி காட்டுற அத்தை என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அத்தை என்றால் அத்தை. அவள் அதற்கும் சம்மதித்தாள்.

மேகம் மரங்களுக்குள் இறங்கி நின்றது. கடலோரம் வளர்ந்த பிள்ளைக்கு எல்லாமே அதிசயமாக இருந்தது. பாசி படர்ந்த அடிமரத்தைத் தடவிப் பார்த்தது.

"அத்தை, மரத்துக்கு முடி முளைச்சிருக்கு!"

நீலாவதி வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருடத்தில் அப்படிச் சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை.

அம்சவல்லி குடையைப் பிடித்துக்கொண்டு பின்தங்கி வந்தாள். காலையிலிருந்து அவள் நீலாவதியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. எங்கே பிள்ளையைத் திரும்பக் கேட்டுவிடுவாளோ என்ற பயம் போலிருக்கிறது. நீலாவதிக்குப் பாவமாக இருந்தது. நின்று, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பயப்படாதீங்கம்மா. அவ உங்க பிள்ளைதான்."

அம்சவல்லியின் முகம் ஒரு மாதிரி கோணியது. குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அருவிக்குக் கொஞ்சம் முன்னால், ஓடையைத் தாண்டும் இடத்தில் சிறுமி வீறிட்டாள். இடது கணுக்காலில், காலுறை விளிம்பில், கொழுத்த அட்டை ஒன்று தொங்கியது.

"விடுங்க, விடுங்க, நான் பாக்குறேன்." அமிர்தலிங்கம் சேற்றில் சறுக்கியபடி ஓடி வந்தார்.

பட்டணத்து மனுசர், பிய்த்து இழுத்துப் புண்ணாக்கிவிடுவார். அதற்குள் நீலாவதி பாறையில் உட்கார்ந்து பிள்ளையின் காலை மடியில் எடுத்து வைத்தாயிற்று. வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டு வைத்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. இரத்தம் காலுறைக்குள் இறங்கியது.

"வேற உள்ளே போயிருக்கான்னு பாத்துருவோம்டா கண்ணு."

சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையை உருவினாள். முந்தானையால் பாதத்தைத் துடைத்தாள்.

துடைத்த கை அப்படியே நின்றது.

விரல்கள் ஐந்தும் இருந்தன.

திலகத்துக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டகையில், தவழ்கிற வயதில், கதவிடுக்கில் நசுங்கி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நீலாவதி பிள்ளையைக் கொடுக்க மனம் துணிந்தாள். என்னிடம் இருந்தால் இன்னும் என்னென்ன போகுமோ, எங்கேயாவது போய் உசுரோடு நன்றாக இருக்கட்டும் என்று.

போன விரல் திரும்ப முளைக்காது.

அவள் அந்தச் சின்னச் சுண்டுவிரலைத் தொட்டாள். நகம் வெட்டி, சுத்தமாக, யாரோ அக்கறையாகப் பார்த்துக்கொண்ட விரல். சிறுமி கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

நிமிர்ந்து பார்த்தபோது அமிர்தலிங்கம் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. குடை சேற்றில் கிடந்தது. அம்சவல்லி மழைத்தூறலில் நனைந்தபடி இரண்டு கையையும் கும்பிடுவது போல வைத்திருந்தாள்.

"நீலா... நீங்க பாக்கணும் பாக்கணும்னு சொல்லி அனுப்பிக்கிட்டே இருந்தீங்க. எங்களுக்கு வாய் வரல. இவ என் தங்கச்சி மக. அது... நம்ம பிள்ளைக்கு..."

"பிள்ளைக்குப் பசிக்கும்" என்றாள் நீலாவதி. "புளிச்சோறு கட்டியாந்திருக்கேன். அருவிகிட்ட போய்ச் சாப்பிடலாம்."

காலுறையை மாட்டிவிட்டாள். சப்பாத்துக் கயிற்றை முடியத் தெரியவில்லை. சிறுமியே முடிந்துகொண்டு, அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க அத்தை!"

பின்னால் அம்சவல்லி அழுதுகொண்டே கூப்பிட்டாள். நீலாவதி திரும்பவில்லை. யார் பெற்ற பிள்ளையின் கையையோ இறுகப் பிடித்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் காதில் விழாத அளவுக்கு அருவி இரைகிற இடத்தை நோக்கி, வேகமாக ஏறினாள்.